வெள்ளீயக் குட்டை நீரிலும் சாயநீரிலும் நானோ கவர்பொருள்கள்: எந்த அளவுக்கு நம்பலாம்?

பதிவு 1: பெர்ஜுந்தை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், தமிழ்ப்பள்ளி ஒன்றின் அறிவியல் கழகத்தை நடத்தி வருகிறேன். எங்கள் ஊரின் ஒருபுறம் செம்பனைத் தோட்டங்களும் மறுபுறம் வெள்ளீயம் எடுத்து முடித்துக் கைவிடப்பட்ட பெருங்குட்டைகளும் உள்ளன. 2014ஆம் ஆண்டு வறட்சியில் இத்தகைய குட்டைகளின் நீரைச் சிலாங்கூர் ஆற்றுக்கு இறைத்த நாள்முதல், அந்நீரில் என்ன கரைந்திருக்கிறது என்று பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

மாணவர்கள் செம்பனைக் கொட்டை ஓட்டைக் கரியாக்கிப் பொடித்து, மெத்திலீன் நீலம் என்னும் சாயம் கலந்த நீரில் போட்டுக் குலுக்கினார்கள்; நீலம் கண்ணெதிரே வெளிறியது. அடுத்து, நானோ பொருள் சேர்த்தால் காரீயம், ஆர்சனிக் போன்ற கன உலோகங்களும் இப்படியே நீங்குமா என்று கேட்கிறார்கள். இதற்கிடையே எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) வந்த விற்பனையாளர் ஒருவர், குழாய்நீரில் இரண்டு உலோகக் கம்பிகளைச் செருகி மின்சாரம் பாய்ச்சி, நீர் பழுப்பாக மாறியதைக் காட்டி, இதுதான் நீங்கள் குடிக்கும் கன உலோகம் என்று சொல்லி, நானோ வடிகட்டி ஒன்றை ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்களிடம் விற்றுச் சென்றிருக்கிறார். அவருடைய துண்டறிக்கையில் 'ஒரு கிராம் பொருள் 200 மில்லிகிராம் காரீயத்தைக் கவரும்' என்று இருக்கிறது. இந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? துறையறிந்தவர்கள் விளக்கினால் பிள்ளைகளுக்குச் சரியானதைச் சொல்லிக் கொடுக்க முடியும்.

பதிவு 2: கிள்ளான் நீராய்வாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதலில் அந்தக் கம்பிச் சோதனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதனால் ஏமாந்தவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. நீரில் இயல்பாகக் கரைந்துள்ள உப்புகளின் வழியே மின்சாரம் பாயும்போது அந்த இரும்பே கரைந்து, இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரண்டு பழுப்பாகிறது. ஆகவே கண்ணில் படும் அழுக்கு நீரிலிருந்து வந்ததன்று, கம்பியிலிருந்து வந்தது. எதிர்ச்சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் வடிகட்டிய நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் பாய்வதில்லை, அதனால் அது தெளிவாகவே நிற்கிறது. அந்தத் 'தூய' நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகிவிடும்.

டி.டி.எஸ். மானியும் இதற்கு உதவாது. அது நீரின் மின்கடத்துதிறனை அளந்து மொத்த உப்பைக் கணிக்கிறது, அதன் திரையில் மாறும் மிகச் சிறிய அளவே லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான். குடிநீரில் காரீயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003. அந்த அளவைக் காண அணு உறிஞ்சு நிறமாலைமானியோ அதனினும் நுண்ணிய கருவியோ வேண்டும்.

மெத்திலீன் நீலம் வெளிறியதில் மகிழ்ச்சியே. ஆனால் அது சாயத்துக்கான சான்று மட்டுமே. அது நேர்மின்னேற்றம் கொண்ட, தட்டையான, பெரிய கரிம மூலக்கூறு. கரியின் பரப்பில் ஒட்டிக்கொள்ள அதற்குப் பல வழிகள் உண்டு. காரீய அயனி அவ்வாறானதன்று. சாதாரண கரி சாயத்தை நன்றாக நீக்கிவிட்டு ஆர்சனிக்கை ஏறத்தாழ அப்படியே விட்டுவிடக்கூடும்.

பதிவு 3: முதுகலை மாணவி, பினாங்கு

வணக்கம். என் ஆய்வுப் பொருளே காந்தத் தன்மையுள்ள கவர்பொருள்கள், அதாவது நீரில் கரைந்தவற்றைத் தம் பரப்பில் ஒட்டவைத்துப் பிடிக்கும் பொருள்கள், என்பதால் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

நானோ என்றால் பரப்பு அதிகம், பரப்பு அதிகமானால் கவரும் திறனும் அதிகம் என்று பலரும் எழுதுகிறார்கள். இது பாதி உண்மை. 10 நானோமீட்டர் விட்டமுள்ள, மேக்னடைட் என்னும் காந்த இரும்பு ஆக்சைடுத் துகள்களின் பரப்பைக் கணக்கிட்டால், அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.2 கிராம் என்பதால், ஒரு கிராமுக்குச் சுமார் 115 சதுர மீட்டர் வருகிறது. நுண்துளைகள் திறக்குமாறு பதப்படுத்திய நல்ல கிளர்வூட்டிய கரியிலோ இது 1,000 சதுர மீட்டரைத் தொடும். அதாவது, பரப்பளவை மட்டும் பார்த்தால் நூறாண்டுகளாகப் பயன்பட்டு வரும் கரி இந்த நானோ பொருளைத் தோற்கடித்துவிடும். அப்படியிருந்தும் ஆர்சனிக்கைப் பிடிப்பதில் இரும்பு ஆக்சைடு முன்னே நிற்பதற்குக் காரணம், அதன் பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் குழுக்கள் ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்சனேட்டுடன் நேரடியாக வேதிப்பிணைப்பு கொள்வதே. அப்பிணைப்புக்கு இடம் தரும் அணுக்களில் பெரும்பங்கு பரப்பிலேயே இருக்குமாறு செய்வதுதான் துகளைச் சிறிதாக்குவதன் பயன்.

இரண்டாவது, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். ஒவ்வோர் ஆக்சைடுக்கும் அதன் பரப்பு மின்னேற்றம் சுழியாகும் ஒரு பி.எச். அளவு உண்டு, மேக்னடைட்டுக்கு அது 6.5 முதல் 7 வரை என்று கொள்ளலாம். அதற்குக் கீழே பரப்பு நேர்மின்னேற்றமும், அதற்கு மேலே எதிர்மின்னேற்றமும் பெறும். அதனால் எதிர் அயனிகளான ஆர்சனேட்டும் குரோமேட்டும் அமிலப் பக்கத்தில் நன்றாக ஒட்டும். நேர் அயனிகளான காரீயமும் காட்மியமும் பி.எச். உயர உயர நன்றாக ஒட்டும். ஒரே வடிகட்டி, ஒரே பி.எச்.சில், எல்லா உலோகங்களையும் முழுமையாக நீக்கும் என்று எவரேனும் சொன்னால் அந்தச் சொல்லை ஏற்க வேண்டாம். நிலத்தடி நீரில் அதிகம் காணப்படும் ஆர்சனைட் வடிவம் நடுநிலைப் பி.எச்.சில் மின்னேற்றமே இல்லாத மூலக்கூறாக இருப்பதால், அதை முதலில் ஆர்சனேட்டாக ஆக்சிசனேற்றினால்தான் எளிதில் பிடிபடும்.

மூன்றாவது, பிடித்த பிறகு அந்தத் துகளை நீரிலிருந்து எடுப்பது. 10 நானோமீட்டர்த் துகள் தானாகப் படியாது, சாதாரண வடிகட்டியிலும் நிற்காது. ரைஸ் பல்கலைக்கழகத்தில் யாவூஸ், கொல்வின் ஆகியோரின் குழு 2006ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், 12 நானோமீட்டர் மேக்னடைட் துகள்களை வலிமை குறைந்த காந்தப் புலத்தாலேயே நீரிலிருந்து பிரிக்கலாம் என்று காட்டியபோது துறையே திரும்பிப் பார்த்தது. என் ஆய்வும் அந்த வழியில் வந்ததுதான்.

பதிவு 4: ஆலை ஓய்வாளர், சுங்கை சிப்புட்

தங்கை எழுதியது நன்று. செம்பனை ஆலையில் கழிவுநீர்க் குளங்களைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் ஒன்றைக் கேட்கிறேன். ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுநீரின் உயிரிய ஆக்சிசன் தேவை (அதிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிசன்) லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராமாக இருக்கும். காற்றில்லாக் குளங்களிலும் அவற்றை அடுத்த காற்றுள்ள குளங்களிலும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துச் சட்டம் கேட்கும் 100 அளவுக்குக் கொண்டுவந்துவிடும், ஆனால் பழுப்பு நிறம் மட்டும் போகாது. லிக்னின், டானின், மட்குப் பொருள்கள் எஞ்சி நிற்பதே அதற்குக் காரணம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். அந்தப் பழுப்புப் பொருள்கள் உங்கள் நானோ துகளின் பரப்பையும் மூடிவிடாதா? எங்கள் பக்கத்து ஓடைகளில் ஓடும் நீர் ஆய்வுக்கூட நீரைப் போல் வெறும் நீராக இருப்பதில்லை.

கொட்டை ஓட்டைப் பற்றியும் ஒரு சொல். ஆலையில் அதைக் கொதிகலனுக்கு எரிபொருளாகப் போடுகிறோம், மீதி ஏற்றுமதியாகிறது. அடுப்பில் கரியாக்கிய ஓட்டுக்கும் தொழிற்சாலையில் 800 பாகை செல்சியசுக்கு மேல் நீராவி செலுத்திக் கிளர்வூட்டிய கரிக்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. முன்னதில் துளைகள் தார்ப்பொருளால் அடைபட்டிருக்கும்.

பதிவு 5: கிள்ளான் நீராய்வாளர்

அண்ணன் கேட்ட கேள்விதான் இந்த இழையின் நடுநாயகம். ஆசிரியை கேட்ட அந்த 200 என்ற எண்ணையும் இதனோடு சேர்த்தே விளக்குகிறேன்.

அந்த எண் லாங்மியூர் 1918இல் வகுத்த சமன்பாட்டிலிருந்து பெறப்படும் உச்சக் கொள்ளளவு. பரப்பிலுள்ள எல்லா இடங்களும் நிரம்பினால் எவ்வளவு ஏறும் என்பதை அது சொல்கிறது. எல்லா இடங்களும் நிரம்ப வேண்டுமானால் நீரில் காரீயம் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருக்க வேண்டும். எந்தக் குடிநீரும் அப்படி இருப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டு போடுவோம். உச்சக் கொள்ளளவு 200, நாட்ட மாறிலி (பொருள் காரீயத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண்) மில்லிகிராமுக்கு 0.1 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரில் எஞ்சியிருக்கும் காரீயம் லிட்டருக்கு 100 மில்லிகிராமாக இருந்தால் ஒரு கிராம் பொருளில் 182 மில்லிகிராம் ஏறியிருக்கும். அதே பொருள், எஞ்சிய அளவு 0.01 ஆக இருக்கும்போது, 0.2 மில்லிகிராமைத்தான் பிடித்து வைத்திருக்கும். துண்டறிக்கையில் அச்சிட்டது இதைப்போல் ஆயிரம் மடங்கு. ஆகவே பொருளைத் தேர்பவர்கள் உச்சக் கொள்ளளவைவிட நாட்ட மாறிலியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆய்வுச் சுருக்கங்களில் பெரிய எண்களை மட்டும் முன்னே நிறுத்தும் வழக்கம் இத்துறைக்குத் தீங்கே செய்திருக்கிறது.

பயன்படுத்தும் முறையும் கணக்கை மாற்றும். லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் காரீயமுள்ள 1,000 லிட்டர் நீரை ஒரு தொட்டியில் நிறுத்தி, மேலே சொன்ன பொருளைக் கலந்து 0.01க்குக் கொண்டுவர 200 கிராம் வேண்டும். அதே பொருளைக் குழாய்ப் படுக்கையாக அடைத்து நீரை மெல்லச் செலுத்தினால், நுழைவாயிலில் உள்ள பொருள் 0.05 அளவு நீரோடு சமநிலை கொள்வதால், சுமார் 50 கிராம் போதும். பொடியைத் தொட்டியில் கலக்குவதைவிடக் குறுமணிகளாக்கிப் படுக்கையாக அடைப்பது மேலானது என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இப்போது அண்ணனின் கேள்வி. பந்தியில் நூறு இலைதான் போட்டிருக்கிறோம், அழைத்த விருந்தினர் இருவர் வருவதற்குள் அழையாதவர் ஆயிரம் பேர் வந்து அமர்ந்துவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் நடக்கிறது. காரீயத்தைவிடச் சுண்ணாம்புச் சத்து ஆயிரம் மடங்கு இருக்கும். ஆர்சனேட்டின் இடத்தை உரத்திலிருந்து வரும் பாஸ்பேட் பிடித்துக்கொள்ளும். மட்குப் பொருள்கள் பரப்பையே போர்த்திவிடும். தோட்டப்புறத்து நீரில் மூன்றும் உண்டு. எனவே வடித்தெடுத்த நீரில் ஒரேயோர் உலோக உப்பைக் கரைத்துப் பெற்ற முடிவை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்க் குட்டைக்கு இது பொருந்தும் என்று எவரும் கூறலாகாது.

பதிவு 6: முதுகலை மாணவி, பினாங்கு

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தடைகளைக் கடந்து களத்தில் நிற்கும் எடுத்துக்காட்டும் உண்டு என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப்பின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானையும் அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடையும் அறை வெப்பநிலையில் நீரிலேயே இணைத்து, மணல் போன்ற குறுமணிகளாக்கி, அதற்குள் வெள்ளி நானோ துகள்களை நிலைநிறுத்தினார்கள். துகள் நீரோடு போகாது, வெளிவரும் வெள்ளி அயனி மட்டும் கிருமியைக் கொல்லும். இதே வழியில் இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடைக் கொண்டு அவர்கள் உருவாக்கிய அம்ரித் என்னும் ஆர்சனிக் நீக்கி மேற்கு வங்கத்தில் மக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

நானோ துகளைத் தனியாக விடாமல் மலிவான, பாதுகாப்பான ஒரு தாங்குபொருளுக்குள் கட்டிவைக்கும் இந்த முறையைத்தான் நம்மூர் மாணவர்களும் கற்க வேண்டும் என்று நினைக்கிறேன். கரியணுக்களின் மிக மெல்லிய தகடான கிராஃபீன் ஆக்சைடு கவர்வதில் மிகச் சிறந்தது, ஆயினும் நீரில் அப்படியே பரவி நிற்பதால் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் மணிகளுக்குள் பொதிந்தோ மேக்னடைட்டோடு இணைத்தோதான் பயன்படுத்த முடியும். உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்த நுண்துளைப் பொருள்களான உலோக-கரிமச் சட்டகங்களுக்கு 2025இல் வேதியியல் நோபல் கிடைத்த பின் பலரும் அவற்றைப் பற்றிக் கேட்கிறார்கள். அவற்றின் பரப்பு கரியையும் மிஞ்சும், ஆனால் துத்தநாகத்தால் ஆன பழைய வகைகளில் பல ஈரத்திலேயே சிதைந்துவிடும். நீரில் நிலைத்து நிற்பவை சிர்க்கோனிய வகைகள், அவை இன்னும் விலை மிகுந்தவை.

பதிவு 7: சாயப்பொருள் வணிகர், கோத்தா பாரு

துணியில் மெழுகால் கோலமிட்டுச் சாயமேற்றும் பாத்தேக் பட்டறைகளுக்குச் சாயம் வழங்கும் தொழிலில் இருக்கிறேன். இங்கே பெரும்பாலும் ரெமசோல் வகை வினைச்சாயங்களைப் பயன்படுத்துகிறார்கள், நிறம் ஊன்றுவதற்குச் சோடியம் சிலிக்கேட் பூசிக் கழுவுகிறார்கள். துணியில் ஊன்றாத சாயத்தோடு கழுவுநீர் ஓடையில் சேர்கிறது. 2009ஆம் ஆண்டின் தொழிற்கழிவுநீர் விதிமுறைகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே விடும் நீருக்கு நிற அளவு 100 ஏ.டி.எம்.ஐ. அலகைத் தாண்டக் கூடாது, பிற இடங்களில் 200. சிறு பட்டறைகளால் பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. ஆசிரியையின் கொட்டை ஓட்டுக் கரி எங்களுக்கு உதவுமா?

பதிவு 8: முதுகலை மாணவி, பினாங்கு

அண்ணா, மெத்திலீன் நீலத்தில் கிடைத்த வெற்றியை ரெமசோலில் எதிர்பார்க்க முடியாது. ரெமசோல் சாயங்கள் சல்ஃபோனேட் குழுக்களால் எதிர்மின்னேற்றம் கொண்டவை. சிலிக்கேட்டால் உங்கள் கழுவுநீரின் பி.எச். மிக உயர்ந்திருப்பதால் கரியின் பரப்பும் எதிர்மின்னேற்றம் பெற்றிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நேர்மின்னேற்றப் பரப்புள்ள பொருள் தேவை. அதற்குக் கைட்டோசான் ஏற்றது, ஆனால் அதன் அமீன் குழுக்கள் பி.எச். சுமார் 6.5க்குக் கீழேதான் போதிய அளவு மின்னேற்றம் பெறும், மிகுந்த அமிலத்திலோ குறுக்குப் பிணைப்பு இல்லாத கைட்டோசான் கரைந்தே போகும். மேலும், உங்கள் கழுவுநீரில் அமிலம் சேர்த்தவுடன் சிலிக்கேட் கூழ்மமாகத் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். ஆகவே முதலில் மெழுகை வழித்தெடுத்து, பி.எச்.சைக் குறைத்து, சிலிக்காவைப் படியவிட்டு, மேல்நீரை மட்டும் கைட்டோசான் மணிப் படுக்கைக்கு அனுப்புவதே வழி. சிலிக்கா படியும்போதே சாயத்தின் ஒரு பகுதியும் அதோடு சிக்கிக் கீழிறங்கக்கூடும்.

பதிவு 9: ஆலை ஓய்வாளர், சுங்கை சிப்புட்

எல்லோரும் பிடிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். பிடித்த பிறகு அந்தப் பொருள் எங்கே போகும் என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை. சாயத்தை நுண்ணுயிராலோ வெப்பத்தாலோ சிதைத்துவிடலாம். காரீயமும் ஆர்சனிக்கும் தனிமங்கள், எரித்தாலும் புதைத்தாலும் அழியாதவை. நீரில் பரவலாக இருந்த நஞ்சை ஒரு பை கரியில் திரட்டி, அந்தப் பையைச் செம்பனை மரத்தடியில் கொட்டினால் முன்பிருந்ததைவிட நிலைமை கெடும். மழை அதைக் கழுவி அதே ஓடைக்குக் கொண்டுபோகும்.

பதிவு 10: கிள்ளான் நீராய்வாளர்

அண்ணன் சொன்னதை ஒவ்வொரு வடிகட்டியின் மேலும் அச்சிட வேண்டும். நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் திட்டமிடப்பட்ட கழிவு விதிமுறைகள் இதற்காகவே உள்ளன: தொழிற்சாலையில் பயன்படுத்தித் தீர்ந்த கிளர்வூட்டிய கரியும் உலோகச் சேறும் அவற்றின் கீழ் வருகின்றன, நெகிரி செம்பிலான் புக்கிட் நானாஸ் போன்ற உரிமம் பெற்ற நிலையங்களுக்கே போக வேண்டும். பொருளை மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பார்கள். நீர்த்த அமிலத்தால் காரீயத்தையும் காரத்தால் ஆர்சனிக்கையும் கழற்றலாம் என்பது உண்மையே. ஆனால் கழற்றிய அந்த அமிலமும் காரமும் இன்னும் செறிவான நஞ்சுநீராகக் கையில் நிற்கும். அதை என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சேர்த்து எழுதாத ஆய்வை நான் முடிவடைந்த ஆய்வாக ஏற்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிணற்று நீர் இறைத்தபோது தெளிவாக இருந்து, சற்று நேரத்தில் மஞ்சளாகிப் படிவு கட்டினால் அது பெரும்பாலும் இரும்பு. அதற்கு நானோ எதுவும் தேவையில்லை; காற்றூட்டி மணலில் வடித்தால் போதும். வேண்டாத இடத்தில் விலை உயர்ந்த பொருளை விற்பதும் மக்களுக்குச் செய்யும் தீங்கே.

பதிவு 11: பெர்ஜுந்தை ஆசிரியை

இத்தனை தெளிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. தாமானில் உள்ளவர்களுக்கு வரும் வாரக் கூட்டத்தில் உப்புச் சோதனையை நானே செய்து காட்டப்போகிறேன். மாணவர்களின் ஆய்வையும் மாற்றி அமைக்கிறோம். அடுப்புக் கரியையும் கடையில் வாங்கிய கிளர்வூட்டிய கரியையும் ஒப்பிடுவோம், மெத்திலீன் நீலத்தோடு எதிர்மின்னேற்றச் சாயம் ஒன்றையும் சேர்ப்போம், வடித்தெடுத்த நீரிலும் ஊர் ஓடை நீரிலும் தனித்தனியே செய்து பார்ப்போம். காரீய நைட்ரேட்டையும் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் பிள்ளைகளின் கையில் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். குட்டை நீரை மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப விரும்புகிறோம். எதை அளக்கக் கேட்பது, எப்படிச் சேகரிப்பது?

பதிவு 12: முதுகலை மாணவி, பினாங்கு

அக்கா, கவர்பொருள் போடாத ஒரு குப்பியையும் ஒவ்வொரு முறையும் உடன் வையுங்கள். ஆய்வுக்கூட அடர்வுகளில் பி.எச். 6, 7ஐத் தாண்டினாலே காரீயம் தானாக வீழ்படியத் தொடங்கும். அந்த ஒப்பீட்டுக் குப்பி இல்லாததால் வீழ்படிவைக் கவர்தல் என்று எண்ணிய கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். சாயத்திலும் வெளிச்சத்தால் வெளிறுவதும் குப்பிச் சுவரில் ஒட்டுவதும் உண்டு. பின்னாளில் நானோ பொடி கிடைத்தால் உலர்ந்த நிலையில் வகுப்பில் திறக்க வேண்டாம், மூச்சில் போகும். ஈரக் கலவையாகவே கையாள வேண்டும்.

பதிவு 13: கிள்ளான் நீராய்வாளர்

ஆர்சனிக், காரீயம், காட்மியம், மாங்கனீசு, இரும்பு ஆகிய ஐந்தையும் கேளுங்கள். வெள்ளீயக் கனிமத்தோடு ஆர்சனிக் கலந்த இரும்புச் சல்ஃபைடு கனிமம் சேர்ந்து கிடைப்பது வழக்கம் என்பதால் ஆர்சனிக்கை விட்டுவிடாதீர்கள். அவற்றோடு பி.எச்., பாஸ்பேட், கரைந்த கரிமக் கார்பன் ஆகியவற்றையும் கேட்டால், எந்தக் கவர்பொருள் அந்நீரில் வேலை செய்யும் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம். தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடமாகப் பார்த்து, குப்பிகளை அவர்களிடமே வாங்குங்கள். உலோகங்களுக்கான குப்பியில் நைட்ரிக் அமிலம் முன்னரே விட்டிருப்பார்கள். உலோகம் குப்பிச் சுவரில் ஒட்டாமல் பி.எச்.சை 2க்குக் கீழே வைத்திருப்பதற்காக அது. ஆகவே அதைக் கழுவாதீர்கள், பிள்ளைகளைத் திறக்க விடாதீர்கள், குட்டைக்குள் முக்கவும் வேண்டாம். வேறொரு தூய குவளையில் நீரை அள்ளி அதில் ஊற்றுங்கள். கரைந்த உலோகம் தனியாகத் தெரிய வேண்டுமானால் 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடித்த பிறகே அமிலக் குப்பியில் ஊற்ற வேண்டும். வடிக்காததும் ஒரு குப்பி எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் சேற்றோடு ஒட்டி நிற்கும் உலோகத்தின் அளவு. முடிவு வந்ததும் இங்கேயே பதிவிடுங்கள், சேர்ந்து படிப்போம்.